தெரிகிறது என்று எழுதினேன்

விண்ணப்பத்தின் முதல் கேள்வியே எங்களை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. ‘வானூர்தியின் வகை’ என்று கேட்டு, கீழே கட்டங்கள் போட்டிருந்தார்கள். விமானம், ஹெலிகாப்டர், பலூன், ட்ரோன். எங்களிடம் இருந்ததோ ஒரு பட்டம். எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டின் முன்னறையைப் போல மூன்று மடங்கு அகலம் இருக்கும். ஆனாலும் பட்டம்தான்.

எந்தக் கட்டத்தையும் தொடாமல் விட்டால் விண்ணப்பம் நகராது. கடைசியில் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்த அதிகாரி பொறுமைசாலி.

“அது பறக்குதாம்மா, நிக்குதா?”

“கயித்துல கட்டியிருக்கும் சார். கயித்து முனையில பறக்கும்.”

“கட்டியிருந்தா டவர் மாதிரி. உச்சியில லைட் போடணும், சிவப்பு வெள்ளை பெயின்ட் அடிக்கணும், இருக்கற எடத்த விட்டு நகரக் கூடாது.”

“நகரும் சார். எட்டுப் போட்டுக்கிட்டே இருக்கும்.”

“நகர்ந்தா விமானம். அப்ப இன்னொரு விமானம் வந்தா வழி விடணும். விடுமா?”

“கயிறு விடற தூரத்துக்கு விடும் சார்.”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. “உங்களுக்குன்னு புதுசா ஒரு கட்டம் வரையணும் போலிருக்கே. சரி, பலூன்ல டிக் போட்டு, கூட ஒரு கடிதம் வைங்க. வெவரமா எழுதுங்க.”

கடிதம் பதினொரு பக்கம் வந்தது. முழுவதும் நான் எழுதியது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. அம்மா இன்றும் சம்பளத் தாளில் கைநாட்டுத்தான் வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ‘பாதுகாப்புப் பொறுப்பாளர்’ என்ற வரிக்கு மேல் என் கையெழுத்தைப் போட்டபோது, பேனாவை எடுக்க மனமில்லாமல் பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். தலைவர் பார்த்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குதும்மா” என்றார்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் சிறிய குழுவுக்குத் தலைவர். அந்தப் பட்டத்தைத் தைத்ததும், தைத்ததைக் கிழித்து மறுபடி தைத்ததும் அவர்தான். வேலை இப்படி: காற்றில் ஏறும் பட்டம் கயிற்றை இழுக்கும். கயிறு சுற்றியிருக்கும் உருளை சுழலும். அந்தச் சுழற்சியில் மின்சாரம் கிடைக்கும். கயிறு ஓடி முடிந்ததும் பட்டத்தைச் சற்றே சாய்த்து, கிடைத்ததில் கொஞ்சத்தைச் செலவழித்து உருளை கயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடியும் விடும். கோபுரம் வேண்டாம். காற்றாலையின் நீண்ட இறக்கையைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்ற முடியாத மலைக்கு, ஒரு லாரியில் வந்து இறங்கும் இதுதான் பொருத்தம் என்பது அவர் கட்சி.

இடம் பந்தலூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். நான் பிறந்த எஸ்டேட். அம்மா அங்கேதான் முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிறாள். என்னை வேலைக்கு எடுத்தபோது தலைவர் சொன்ன காரணம் என் மதிப்பெண் அல்ல. “இஞ்சினியருங்க கெடைப்பாங்க. மலையத் தெரிஞ்ச இஞ்சினியர் கெடைக்க மாட்டாங்க” என்றார். அதை நான் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிக் காட்டினேன்.

அனுமதி இல்லாமல் நானூறு அடிக்கு மேல் எதையும் பறக்கவிடக் கூடாது. ஆனால் நானூறு அடிக்குக் கீழே எங்கள் மலையில் இருப்பதைக் காற்று என்று சொல்லவே கூடாது. மேடும் பள்ளமும் சில்வர் ஓக் மரங்களும் அதைக் கிழித்துக் கிழித்து அனுப்பும். பட்டம் குடித்தவன் போல ஆடும். அதற்கு மேலே, ஆயிரம் அடிக்குப் போனால், காற்று ஆற்றைப் போல ஒரே சீராக ஓடுகிறது. எங்களுக்கு அந்த உயரம் வேண்டும். ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் மலையை ஒட்டிப் பறக்கும் உயரமும் அதுதான்.

பதினோராவது மாதம் அனுமதி வந்தது. ஏழே நாளுக்கு. கயிறு நெடுக முப்பது அடிக்கு ஒரு சிவப்புக் கொடி கட்ட வேண்டும். கொடி கட்டினால் காற்று கயிற்றையும் பிடித்து இழுக்கும், மின்சாரம் குறையும். தலைவர் ஒவ்வொரு கொடியையும் திட்டிக்கொண்டே கட்டினார். சமவெளியில் இருக்கும் வான் கட்டுப்பாட்டு அறையோடு எப்போதும் போன் தொடர்பில் இருக்க வேண்டும். அவர்கள் சொன்னால் உடனே இறக்க வேண்டும். பட்டத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தரையிலும் வானிலும் யாரும் வரக் கூடாது என்றிருந்தார்கள். ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் பறக்கவிடலாம். கால் மணிக்கு ஒரு தடவை, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல, அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இறக்குவதா வேண்டாமா என்பதில் பாதுகாப்புப் பொறுப்பாளரின் சொல்லே கடைசிச் சொல்.

இந்த ஏழு நாளுக்குள் ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் பறக்கவிட்டு, பதிவேட்டைச் சுத்தமாகக் கொடுத்தால், ஒரு வருஷ அனுமதியைப் பற்றி யோசிப்போம் என்று எழுதியிருந்தார்கள். இல்லையென்றால் மறுபடியும் முதல் கட்டத்திலிருந்து. அதுவரை லாரியை மலையில் நிறுத்தி வைக்க எங்களால் முடியாது. ஏழு நாளில் ஆறு மணி நேரம் என்றால் யாருக்கும் சுலபமாகத்தான் தோன்றும், எங்கள் மலையைப் பார்க்காதவர்களுக்கு. அங்கே காற்று அடித்தால் மூட்டம் வரும். மூட்டம் விலகினால் காற்றும் கூடவே போய்விடும். வேண்டியது இரண்டும் சேர்ந்த ஒரு நாள்.

ஆறு நாள் போயிற்று. அதிகமாகப் பறந்தது இரண்டு மணி நேரம்.

கயிற்று உருளையைச் சுழற்றும் விஞ்சை இயக்கியவர் கூடலூர்க்காரர். எல்லோருக்கும் சேட்டன். ஆறாம் நாள் நனைந்த துணியைச் சுருட்டிக்கொண்டே, “பண்டு பட்டம் விட ஸ்கூலுக்கு லீவு போட்டோம். இப்ப பட்டம் விட ஸ்கூல் சர்ட்டிபிகேட் கேக்குது கவர்மென்ட்டு. எந்தா காலம்!” என்றார். தலைவர் சிரிக்கவில்லை.

ஏழாம் நாள் காலை வானம் கழுவி வைத்தது போல இருந்தது. காற்றும் இருந்தது. ஏழு ஐம்பதுக்குப் பட்டம் ஏறியது. ஒன்று ஐம்பதுக்கு ஆறு மணி நேரம் முடியும்.

பார்த்துச் சொல்லும் இரண்டு பேரில் ஒருத்தி நான், லாரிக்கு அருகில். இன்னொருவர் எங்களுக்கு மேலே மேட்டில் நின்ற ஓர் அக்கா. எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர். முட்டிவலியால் கொழுந்துக் கூடை சுமக்க முடியாமல் இருந்தார். எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்டு அந்த வாரத்துக்கு நான்தான் அவரை எடுத்திருந்தேன். கையில் வாக்கி-டாக்கி. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம், அடுத்த எஸ்டேட்டின் தண்ணீர்த்தொட்டி தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தது. வரைபடத்தில் அளந்தால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதைத்தான் அடையாளமாக வைத்தேன். கால் மணிக்கு ஒரு தடவை, “அக்கா, தொட்டி தெரியுதா?” “தெரியுது பிள்ளை.” நானும் நிமிர்ந்து பார்ப்பேன். எழுதுவேன். அவ்வளவுதான் வேலை.

பத்து மணி. பதினொன்று. கொழுந்து எடுப்பவர்கள் எங்கள் வட்டத்துக்கு வெளியே, பக்கத்து நம்பர் தேயிலைக் காட்டில் இருந்தார்கள். அம்மாவும் அங்கேதான். பன்னிரண்டு. சேட்டன் உருளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தலைவர் டீயைக் கையில் வாங்கி, குடிக்காமலே ஆறவிட்டு, அப்படியே கீழே வைத்தார். காற்றில் ஒரு குளிர் ஏறியிருந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். எனக்கும் தெரிந்தது. நான் அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒன்றே காலுக்குத் தொட்டி தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. இதைச் சத்தியமாகச் சொல்ல முடியும்.

ஒன்றரைக்குக் கேட்டேன்.

“அக்கா, தொட்டி?”

“தெரியுது, தெரியுது.”

நிமிர்ந்து பார்த்தேன். குனிந்து எழுதினேன். 1.30, இருவர், தெரிகிறது.

“இன்னும் இருவது நிமிஷம்” என்றார் தலைவர், யாரிடமும் இல்லாமல்.

ஒன்று முப்பத்து மூன்றுக்குப் போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை. ஆறு நாளும் நான்தான் அவர்களை அழைத்திருக்கிறேன். அவர்கள் அழைத்தது அதுதான் முதல் தடவை.

“மலைப்பாதையில மண் சரிஞ்சிருக்கு. பார்வையிட வந்த ஹெலிகாப்டர் திரும்பற வழியில மூட்டம். உங்க பக்கமா வரலாமான்னு பைலட் கேக்கறார். உங்க வட்டம் அவருக்குத் தெரியும், தள்ளித்தான் போவார். உங்க எடத்துல பார்வைத் தூரம் எவ்வளவு?”

லாரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்; மடியில் பதிவேடு திறந்திருந்தது. படித்தேன்.

“அஞ்சு கிலோமீட்டருக்கு மேல சார். தெளிவா இருக்கு.”

“எப்பப் பார்த்தது?”

“ஒண்ணு முப்பதுக்கு சார். ரெண்டு பேரு.”

“நன்றி.” வைத்துவிட்டார்.

ஹெலிகாப்டர் என்றதும் கயிற்றில் கொடிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கத் தோன்றியது. அதற்காகத்தான் தலையைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது கொடிக்கு மேலே கயிறு இல்லை. வெள்ளையாக இருந்தது. பட்டம் அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தது. உருளை மட்டும் சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பினேன். தொட்டி இருக்கும் இடத்தைப் பார்த்தேன். அங்கே தொட்டி இல்லை. அந்த மேடு இல்லை. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய சில்வர் ஓக் வரிசையும் இல்லை. மூன்று நிமிஷத்தில் வந்த மூட்டம் இல்லை அது. அது வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

“இறக்குங்க!” என்றேன். “சேட்டா, இறக்குங்க!”

சேட்டன் என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார். தலைவர் மேலே பார்த்துவிட்டு, “பதினஞ்சு நிமிஷந்தானுங்கம்மா” என்றார். குரல் கெஞ்சியது. “அவன் வட்டத்துக்கு வெளியதான போறான்? இப்ப எறக்குனா பதினொரு மாசமும் போச்சு.”

“வட்டத்துக்கு வெளிய போறதுக்கு அவருக்குக் கொடி தெரியணும் சார். தெளிவா இருக்குன்னு நாந்தான் சொன்னேன்.”

அவர் முகம் மாறியது. நான் காத்திருக்கவில்லை. அவசரமாக இறக்கும் சிவப்புப் பொத்தான் விஞ்சின் பக்கவாட்டில் இருந்தது. அடித்தேன். உருளை நின்று, ஒரு குலுக்குக் குலுக்கி, எதிர்ப்பக்கம் சுழலத் தொடங்கியது. முழுவதும் இறங்க நாலு நிமிஷம் ஆகும். பதினொரு பக்கக் கடிதத்தில் நானே எழுதியிருந்தேன்.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். போகவில்லை. அந்த இடத்தில் சிக்னல் லாரியின் படிக்கட்டில்தான் கிடைக்கும். ஏறினேன். போகவில்லை. கூரையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே கால் வைத்தேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. அதே சமயம் ஹெலிகாப்டரின் சத்தமும் கேட்டது. மூட்டத்தில் சத்தத்துக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

“சார், மாத்திச் சொல்றேன் சார். நாஞ் சொன்னது தப்பு. இங்க தெளிவா இல்ல. நூறு மீட்டர்கூடத் தெரியல. பட்டம் இன்னும் மேலதான் இருக்கு, இறக்கிக்கிட்டிருக்கோம்.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு நிமிஷம் சார்.”

அவர் வேறு யாரிடமோ அவசரமாக ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

“எண்ணூறு” என்றார் சேட்டன், கயிற்றின் அளவைப் பார்த்து. சத்தம் பெரிதானது. பக்கத்து நம்பரில் பெண்கள் கையில் கொழுந்தோடு நிமிர்ந்து நின்றார்கள். அவர்களில் அம்மா யார் என்று தெரியவில்லை. எல்லோரும் கறுப்பு உருவங்களாக இருந்தார்கள். “எழுநூறு.” கயிறு விரல் தடிமன்தான். ஆனால் அது சுழலும் இறக்கையில் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று கடிதத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன், நல்ல தமிழில் ஒரு பிரதியும், நல்ல ஆங்கிலத்தில் ஒரு பிரதியும். “ஐந்நூற்றம்பது.” தலைவர் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

சத்தம் எங்கள் தலைக்கு நேரே வந்தது போல இருந்தது. தேயிலைச் செடிகள் ஆடியதாகக்கூட எனக்குத் தோன்றியது. அது காற்றாகவும் இருக்கலாம். பிறகு சத்தத்தின் குரல் மாறியது. வளைகிறது. தள்ளிப் போனது. கேரளப் பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அதுதானா அல்லது என் காதா என்று தெரியாமல் போயிற்று.

“நூறு” என்றார் சேட்டன். வெள்ளையிலிருந்து பட்டம் வெளியே வந்து, தொப்பென்று தேயிலைமேல் விழுந்தது. ஈரத்தில் ஊறியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. பைலட் பத்திரமாகத் திரும்பிவிட்டார், எதையும் பார்க்கவில்லை என்றார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நடந்ததை எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

அக்கா மேட்டிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“ஏன் பிள்ளை இறக்கிட்டீங்க?”

“அக்கா, ஒண்ணரைக்குத் தொட்டியப் பாத்தீங்களா?”

“பாத்தேனே.”

“கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். வெள்ளைக்குள் கையை நீட்டினார். விரல் துளிகூடத் தப்பாமல் தொட்டியின் பக்கம் நின்றது. “இந்தா, இங்கனதானே இருக்கு? பொறந்ததுலருந்து பாக்குறேன். எங்க போகப் போகுது?”

சேட்டன் சிரித்துவிட்டார். பயம் விட்ட சிரிப்பு. தலைவருக்கும் வாய் கோணியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் விரல் நீண்ட அதே இடத்தைத்தான் ஒன்றரைக்கு நானும் பார்த்தேன். என் கண் அந்த வெள்ளையில் சரியான இடத்துக்குப் போய், சரியான அளவில் ஒரு வெள்ளைத் தொட்டியை வைத்துக்கொண்டது. எனக்கு அது தெரிந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால், எங்கே பார்ப்பது என்றே தெரியாமல், ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதியிருப்பார். வெள்ளைத் தொட்டியை அடையாளமாகத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“இதப் பாருங்கம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒண்ணரைக்குத் தெரிஞ்சுது. ஒண்ணு முப்பத்து மூணுக்கு மூட்டம் சட்டுனு மூடுச்சு. பாத்த ஒடனே நீங்க எறக்கிட்டீங்க. மலையில இது நடக்கறதுதானுங்க? யாரு இல்லேங்கப் போறா? இப்படி எழுதுனா அவங்களே பாராட்டுவாங்க. அடுத்த மாசம் இன்னொரு ஏழு நாள் கேக்கலாம்.”

நான் பதிவேட்டை மூடினேன்.

“இல்லைன்னா” என்று குரலைத் தாழ்த்தினார், “மேட்டுல நின்னவங்க தப்பாச் சொல்லிட்டாங்கன்னு போடுங்க. படிக்காதவங்க, பழக்கமில்ல. புரிஞ்சுக்குவாங்க.”

அந்த இரண்டாவது யோசனை எனக்குள் உடனே போய் உட்கார்ந்தது. அதை மறைக்கப் போவதில்லை. படிக்காதவங்க. என் கையெழுத்தும் கோடும் அப்படியே இருக்கும். அக்காவின் பெயர் இன்னொருவர் எழுத, அவர் அறியாமலே ஒரு தாளில் ஏறும். அவரால் படித்துப் பார்க்கக்கூட முடியாது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் பொரியலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஆருக்கும் ஒண்ணும் ஆகலேல்ல?”

“ஆகல.”

“அப்பறம் எதுக்கு நீயாப் போயித் தலையக் குடுக்கற? வேலை போனா மறுக்கா கெடைக்குமா? உன் வயசுல ஒருத்திக்கு இந்த லயத்துல இப்படி வேலை இருக்கா?”

“நாஞ் சொன்னத நம்பித்தான் அவரு அந்தப் பக்கம் வந்தாரு.”

அம்மா சாப்பாடு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவ பேரையும் எழுதுவியா?” என்றாள். அக்காவைத்தான் கேட்டாள். “தொரை அவள வேலைக்கு ஆகாதவன்னு வெளிய அனுப்பிருவாரு. லயத்தையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அவளுக்குப் புருசனும் இல்ல.”

“எழுத மாட்டேன்.”

“அப்ப ஒண்டியா மாட்டிக்குவ.” அவளுக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

அறிக்கை இரண்டு பக்கம். பதினொரு பக்கம் எழுதியதைவிட அதிக நேரம் பிடித்தது. ஒன்றரை மணிப் பதிவு தவறு என்று எழுதினேன். மூட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது, எப்போது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது பார்வையாளரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கியது நான். தெரிந்த பொருளைத் தேடச் சொன்னேனே தவிர, தெரியாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தடவையும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் அதே தவறைச் செய்தேன். அந்தப் பதிவைக் கட்டுப்பாட்டு அறைக்குப் படித்துக் காட்டியதும் நான். கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் படித்தார். நகலில் அவரும் கையெழுத்திட வேண்டும். வெகுநேரம் தாளையே பார்த்தார். “பைலட்டுக்கும் ஊடு வாசல் இருக்குமில்ல” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு வாரம் என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை.

அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. லாரி மலையிறங்கியது. சேட்டன் வேறு வேலைக்குப் போனார். விசாரணைக்கு என்னை ஒருமுறை கூப்பிட்டார்கள். முன்பு போனில் சிரித்த அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இப்போது சிரிக்கவில்லை. ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்: தெரியாததை ஏன் தெரிகிறது என்று எழுதினீர்கள்? மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது, சார். மூன்றாவது தடவை அவர் பேனாவை மூடி வைத்தார். “சரி, இது மறுபடி நடக்காம இருக்க என்ன செய்வீங்க? அத எழுதிக் கொண்டாங்க.”

இருக்கிற இடம் தெரிந்த எதையும் தேடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். எதிர் மேட்டில் ஒருவர் நிற்பார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று தார்ப்பாய்களில் ஏதாவது ஒன்றைக் கால் மணிக்கு ஒரு தடவை தன் இஷ்டத்துக்கு விரிப்பார். இந்தப் பக்கம் பார்ப்பவர்கள் தொலைநோக்கியில் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன நிறமும் விரித்த நிறமும் ஒத்தால்தான் பட்டம் ஏறும். நிறம் சொல்ல முடியாவிட்டால் இறக்க வேண்டும்.

ஏழு மாதம் கழித்து ஒரு நாளுக்கு, ஒரே ஒரு நாளுக்கு, அனுமதி வந்தது.

அன்றைக்கும் எங்களுக்கு மேலே மேட்டில் அக்காதான், தொலைநோக்கியோடு நின்றார். துரையிடம் நான் மறுபடி கேட்டபோது அவர் புருவத்தை உயர்த்தினார், ஆனால் அனுப்பினார். காற்று அபாரமாக இருந்தது. எட்டு மணிக்கு முதல் பாய் விரிந்த செய்தி எதிர் மேட்டிலிருந்து வந்தது. நான் தொலைநோக்கியில் பார்த்தேன். சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. நீலமாக இருக்கலாம். நீலம் என்றுதான் தோன்றியது.

“அக்கா, என்ன கலர்?”

வாக்கி-டாக்கி கரகரத்தது. தலைவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க அக்கா.”

“தெரியல பிள்ளை.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். தெரியலன்னா தெரியலதான். நீ வேணா வந்து பாரு.”

எனக்குத் தோன்றிய நீலத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. 8.00, இருவர், தெரியவில்லை என்று எழுதினேன். தலைவர் மூச்சை விட்டுவிட்டு, மடித்த பட்டத்தின் மேலேயே உட்கார்ந்தார்.

“எட்டே காலுக்குப் பாக்கலாமுங்க” என்றார்.